முதலெழுத்தை இழந்தவை

என் தந்தையார் 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார். அவருடைய கடைசி ஐந்தாறு மாதங்களின் படங்கள் என் தங்கையின் செல்பேசியில் மட்டுமே இருந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், தங்கையின் நான்கு வயது மகன் அந்தச் செல்பேசியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். எல்லாப் படங்களையும் நீக்கிவிடலாமா என்று கருவி கேட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டவும் தெரியாத பிள்ளை நடுப்பொத்தானை அழுத்திவிட்டான். தங்கை அவனை அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் எங்கள் கல்லூரிக் கணினித்துறை நண்பர் ஒருவரிடம் போய் நின்றேன். "அட்டையைக் கழற்றிக் கொடுங்கள் சார். இனி அதில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. பயப்படாதீர்கள், எதுவும் அழியவில்லை" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதும், அந்த உண்மைக்கு முப்பதாண்டு வரலாறு உண்டு என்பதும் பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

*

1977இல் மைக்ரோசாஃப்ட் மிகச் சிறிய நிறுவனம். இருந்த ஊரும் இன்றைய சியாட்டில் பகுதி அன்று, நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி. அங்கே மார்க் மெக்டொனால்ட் என்பவர், பேசிக் மொழி நிரல்களை நெகிழ்தட்டில் சேமிப்பதற்கு ஒரு முறையை வகுத்தார். தட்டு முழுவதையும் சம அளவான அறைகளாகப் பகுத்துக்கொள்வது முதல் வேலை. பெரிய கோப்பு பல அறைகளில் தங்கும். அவ்வறைகள் அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்பதில்லை. தட்டில் இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று பெயரேடு: கோப்பின் பெயர், அது தொடங்கும் அறையின் எண் முதலியவை. மற்றொன்று அறை அட்டவணை: இந்த அறைக்குப் பின் எந்த அறைக்குப் போகவேண்டும் என்னும் குறிப்பு. ஓர் அறையின் குறிப்பு அடுத்ததைக் காட்டும், அது அதற்கடுத்ததைக் காட்டும், கடைசி அறைக்கு முற்றுக்குறி.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க அந்தாதி ஒன்று போதும். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும். பாடல்கள் கலைந்துபோனாலும் அத்தொடர்பைப் பிடித்துக்கொண்டே வரிசைப்படுத்திவிடலாம். வேறுபாடு ஒன்றுதான். அந்தாதியில் தொடர்பு பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெக்டொனால்டின் முறையிலோ தொடர்பு தனி ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டைத் துடைத்துவிட்டால் பாடல்கள் இருக்கும், வரிசை இராது. 'ஃபேட்' என்று சுருக்கமாக வழங்குவது இம்முறையே.

இதன் அடியொற்றி எழுந்த டாஸ் இயக்குதளத்தில், ஒரு கோப்பை நீக்கு என்று கட்டளையிட்டால் கணினி செய்வது மிகச் சொற்பம். பெயரேட்டில் கோப்புப் பெயரின் முதலெழுத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு குறியை இடும். அட்டவணையில் அக்கோப்புக்குரிய குறிப்புகளைச் சுழியாக்கும். அறைகளுக்குள் இருப்பதைத் தொடாது. இது கருணையால் வந்ததன்று, சிக்கனத்தால் வந்தது. அக்காலத்து நெகிழ்தட்டு மெதுவாக இயங்குவது; அறை அறையாகச் சென்று துடைத்துக்கொண்டிருந்தால் மனிதர் காத்திருக்க நேரும். காலி என்று எழுதிவைத்தால் போதும். புதிதாய்க் குடிவருகிறவன் பழையவன் விட்டுப்போனதன்மேல் தன் சாமானை வைத்துக்கொள்வான்.

அந்தக் குறிக்கும் ஒரு கதை உண்டு. பதினறும எண்முறையில் ஈ5 என்று எழுதப்படும் எண் அது. நம் கணக்கில் 229. இதைப் பயன்படுத்தியவர் கேரி கில்டால், 1974இல் தாம் உருவாக்கிய சிபி/எம் இயக்குதளத்தில். ஐபிஎம் முறையில் ஒழுங்கமைக்கப்பட்ட எட்டு அங்குலத் தட்டுகளில், எதுவும் எழுதப்படாத இடமெங்கும் இந்த எண்ணே நிரப்பப்பட்டிருந்தது. ஆகவே அதையே 'இங்கு எதுவும் இல்லை' என்பதற்கும் குறியாகக் கொண்டால், புதுத்தட்டின் பெயரேட்டைத் தனியே தயார்செய்யும் வேலை மிச்சம். இறந்தவனுக்கும் பிறவாதவனுக்கும் ஒரே குறி என்றாயிற்று. 1980இல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன், 8086 சில்லுக்காக ஓர் இயக்குதளம் எழுதியபோது மெக்டொனால்டின் அட்டவணையையும் இந்தக் குறியையும் சேர்த்துக்கொண்டார். அதை மைக்ரோசாஃப்ட் 1981இல் விலைக்கு வாங்க, ஐபிஎம்மின் தனிக்கணினி வழியாக உலகமெங்கும் பரவியது. பின்னர் ஜப்பானியர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. அவர்களுடைய எழுத்துக் குறியீட்டில் சில கஞ்சி எழுத்துகள் இதே எண்ணில் தொடங்கின; அவ்வெழுத்தை முதலாகக் கொண்ட கோப்பெல்லாம் உயிரோடிருக்கும்போதே செத்ததாகத் தோன்றின. அவற்றுக்கு மட்டும் வேறோர் எண்ணைப் பதிலியாக வைத்துச் சமாளித்தார்கள்.

*

காலி என்று எழுதியிருப்பதை நம்பாமல் கதவைத் திறந்து பார்த்தவர்களில் புகழ்பெற்றவர் பீட்டர் நார்ட்டன். எழுபதுகளில் சில ஆண்டுகள் பௌத்த மடமொன்றில் வாழ்ந்தவர் என்பது அவரைப் பற்றிய சுவையான செய்தி. தவறுதலாக ஒரு கோப்பை நீக்கிவிட்ட அவர், அதைத் திரும்பத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, மீட்டெடுக்க ஒரு நிரல் எழுதினார். 1982இல் வெளிவந்த நார்ட்டன் கருவித்தொகுப்பின் உயிரே அந்த நிரல்தான். 1991இல் டாஸ் ஐந்தாம் பதிப்பிலேயே மீட்புக் கட்டளை சேர்ந்துவிட்டது.

அந்தக் கட்டளை பயனரிடம் கேட்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. கோப்பின் பெயரை முதலெழுத்து இல்லாமல் காட்டிவிட்டு, அந்த எழுத்து என்ன என்று கேட்கும். கணினிக்கு மற்றதெல்லாம் தெரியும். குறி இட்ட இடத்தில் முன்பு இருந்த ஓர் எழுத்து மட்டும் தெரியாது. இலக்கணத்தில் முதற்குறை என்போமே, தாமரை 'மரை' என நிற்பது, அதுபோல. நீக்கியவன் நினைவிலிருந்து அவ்வெழுத்தைச் சொன்னால் கோப்பு எழுந்து வரும்.

*

மெமரி கார்டுக்கு வருவோம். இதன் மூலமான ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1984இல் அதைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். இன்றைய அட்டைகளில் உள்ள நேண்ட் வகை 1987இல் வந்தது. பெயரைச் சூட்டியவர் அவருடைய சக ஊழியர் ஷோஜி அரிஇசுமி. சில்லில் உள்ளதெல்லாம் ஒரே வீச்சில் அழிவதைக் கண்டபோது அவருக்குக் கேமராவின் மின்னொளி நினைவுக்கு வந்ததாம். ஆகவே ஃபிளாஷ். நம் படங்களைத் தாங்கியிருக்கும் பொருளுக்கு அதன் அழிக்கும் திறனைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் படமெடுக்கும் கருவியிலிருந்து உவமை எடுத்து. (கண்டுபிடிப்புக்கு உரிய ஊதியம் தரவில்லை என்று மசுவோகா தம் பழைய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து, 2006இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசமானார். அவர் கேட்டது 100 கோடி.)

இவ்வகைச் சில்லில் மின்னணுக்களைக் காப்பிட்ட ஒரு சிறு தீவில் சிறைப்பிடித்து வைக்கிறார்கள். சிறு பக்கங்களாக எழுதலாம். ஆனால் அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரும் பகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒவ்வோர் அழிப்பும் காப்புறையைச் சிறிது தேய்க்கிறது. எனவே சில்லும் அழிப்பதைத் தள்ளிப்போடவே பார்க்கும். 1999இல் மாட்சுஷிதா, சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி அட்டையை அறிவித்தபோது, அதற்குள் தகவலை அடுக்குவதற்கு வைத்த முறை எது? மெக்டொனால்டின் அதே அட்டவணை. தங்கையின் செல்பேசியில் விரல்நகம் அளவே இருந்த இரண்டு ஜிகாபைட் அட்டையிலும் அதுவே இருந்தது. 1977இல் நெகிழ்தட்டுக்காகச் செய்த சிக்கனம் எங்கள் தந்தையின் படங்களைக் காத்து வைத்திருந்தது.

படங்களை நீக்கும் பழக்கமே இந்த அட்டைகளோடு வந்ததுதான். படச்சுருள் காலத்தில் எடுத்தது எடுத்ததே. டிஜிட்டல் கேமராவின் அட்டை தொடக்கத்தில் சிறிது. இடத்துக்காக வேண்டாததை அன்றன்றே கழித்தார்கள். 1998இல் கிளின்டன்–மோனிகா லெவின்ஸ்கி விவகாரம் வெடித்தபோது, டைம் இதழின் படப்பிடிப்பாளர் டெர்க் ஹால்ஸ்டெட் அந்தப் பெண்ணின் முகத்தை எங்கோ பார்த்த நினைவில் தம் பழைய படச்சுருள் வில்லைகளைத் தேடச்செய்தார். 1996இல் நடந்த நிதிதிரட்டும் கூட்டமொன்றில் அதிபர் அவரைத் தழுவும் படம் கிடைத்தது. டிஜிட்டலில் எடுத்தவர்கள் அத்தகைய படங்களை நீக்கிவிட்டிருந்தார்கள் என்று அவர் பிறகு சொன்னார். 1996இல் அது யாருக்கும் தேவைப்படாத படம்.

*

நண்பர் பயன்படுத்தியது போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள். கிறிஸ்டோஃப் கிரெனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 2002இல் எழுதியது. இது நார்ட்டனைவிட ஒரு படி மேலே போகிறது. பெயரேட்டையும் அட்டவணையையும் நம்பாமல், அட்டையின் முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை உள்ளே இருப்பதைப் படிக்கிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் படம் எதுவாயினும் 255, 216, 255 என்ற எண்களோடு தொடங்கி 255, 217 என்று முடியும். தொடக்கம் கண்ட இடத்தில் வெட்டி, முடிவு காணும்வரை எடுத்துக்கொள்கிறது.

கயிறு அறுந்த சுவடிக்கட்டைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய வேலை. ஏட்டின் எண் சிதைந்திருக்கும், நூற்பெயர் எழுதிய முதலேடு போயிருக்கும். காப்புச் செய்யுளைக் கண்டால் இங்கே ஒரு நூல் தொடங்குகிறது என்று அறியலாம். இடையில் வேறொரு நூலின் ஏடு கலந்து கிடப்பதும் உண்டு. அட்டையிலும் அப்படியே. சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாய் இருந்தது. ஒன்றில் தந்தையின் தோளுக்குக் கீழே யாருடைய திருமணப் பந்தலோ தெரிந்தது.

அரைமணி நேரத்தில் 387 படங்கள் வந்தன. எதற்கும் பழைய பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும், அட்டையில் கிடந்த இடத்தைக் குறிக்கும் எண்ணுமே பெயர். எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பொதிந்திருந்ததால் அவை பிழைத்தன. தந்தை இருந்தவை 23. தங்கை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள்.

மார்ச் மாதம் மருத்துவமனையில் எடுத்தது. மூக்கில் குழாய், பல்செட் கழற்றிய வாய், மழிக்காத முகம். அன்றே அதைப் பார்த்த தந்தை, "இதை எடுத்துடும்மா, இது நான் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அவர் கண்முன்னாலேயே அதை நீக்கிக் காட்டியிருக்கிறாள். மகன் தவறாக நீக்கியவற்றோடு, அவள் வேண்டி நீக்கியதும் எழுந்து வந்திருந்தது. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

*

இதன் மறுபக்கத்தை அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 2003இல் எழுதினார்கள். பழைய பொருள் சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கினார்கள், 129 வேலைசெய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், காதல் கடிதங்கள். விற்றவர்களில் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகவே நம்பியிருப்பார்கள்.

கணினியின் சொல்லும் செயலும் ஒன்றாகும் காலம் பிறகு மெல்ல வந்தது. எவ்வறைகள் காலி என்பதை இயக்குதளமே சில்லுக்குச் சொல்லி உண்மையாகவே அழிக்கச்செய்யும் டிரிம் ஏற்பாடு, 2009இல் விண்டோஸ் 7உடனும் 2013இல் ஆண்ட்ராய்டு 4.3உடனும் பரவியது. 2015இன் ஆண்ட்ராய்டு 6 முதல் பெரும்பாலான புதிய கைபேசிகளின் உள்நினைவகம் மறையாக்கம் பெற்றது. சாவி போனால் உள்ளே இருப்பது வெறும் இரைச்சல். நார்ட்டன் செய்த வேலையை இன்று முப்பது நாள் காத்து வைத்திருக்கும் குப்பைத்தொட்டி செய்கிறது. அதைத் தாண்டினால் உள்நினைவகத்தில் வழியில்லை. கழற்றக்கூடிய அட்டைகளில் மட்டும் பழைய வழக்கம் எஞ்சியிருக்கிறது. 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள அட்டைகளின் புதிய முறையில் நீக்கும்போது பெயரின் முதலெழுத்தைக்கூடத் தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு குறியை மாற்றுவதோடு சரி. மின்னொளிபோல் அழிக்கவல்லது என்று பெயர் பெற்ற பொருள், பிறந்து முப்பதாண்டுக்குப் பிறகே அதை ஒழுங்காகச் செய்யத் தொடங்கியது எனலாம்.

2009இல் எங்களுக்கு இவை எதுவும் தெரியாது. 22 படங்களைக் குறுந்தகட்டில் பதித்து வாங்கிக்கொண்டோம். அம்மா, "எல்லாம் வந்துட்டுதா?" என்று கேட்டபோது தங்கை ஆமென்று தலையசைத்தாள். அந்த ஒன்றை வெறுமனே நீக்கினால் போகாது, மேலே எதையாவது எழுதி அட்டையை நிரப்பவேண்டும் என்று நண்பர் சொன்னார். அப்பாவுக்குப் பிடித்த காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகசுர இசைக்கோப்புகளை, இடமில்லை என்று செல்பேசி சொல்லும்வரை, திரும்பத் திரும்பப் படியெடுத்து நிரப்பினோம்.

மீட்ட படங்கள் முதலில் இறங்கிய இடம் துறையில் இருந்த நண்பரின் கணினி. அந்தக் கோப்புறையையும் அவர் எங்கள் எதிரிலேயே நீக்கினார், குப்பைத்தொட்டியையும் காலிசெய்தார். அந்தக் கணினி 2014இல் துறையின் பழைய சாமான்களோடு ஏலத்தில் போயிற்று.