ஏஜென்ட் (நோட்.ஜேஎஸ்)

நோட்.ஜேஎஸ் ஏஜென்ட் என்பது, வழங்கியில் இயங்கும் நிரல் பிற வழங்கிகளுக்கு அனுப்பும் எச்.டி.டி.பி. கோரிக்கைகளுக்கான இணைப்புகளைத் திறந்து பேணும் பொருள் ஆகும். முடிந்த கோரிக்கையின் இணைப்பை மூடாமல் அடுத்ததற்குப் பயன்படுத்துவது, 2022இல் வெளியான 19ஆம் பதிப்பு முதல் நோட்.ஜேஎஸ் தானே வழங்கும் பொது ஏஜென்டின் (குளோபல்ஏஜென்ட்) இயல்பிருப்பு ஆகும். இதன் கிரியேட்கனெக்‌ஷன் செயற்கூற்றை மாற்றி எழுதி, இணைப்பு திறக்கப்படும் முறையை நிரலாளர் தாமே வகுக்கலாம்.

பயனர் தரும் முகவரிக்கு வழங்கி கோரிக்கை அனுப்பும் இடங்களில் இது பாதுகாப்புக்கு இன்றியமையாதது. ஆள்களப் பெயரை முன்கூட்டியே சோதிப்பது போதாது. சோதனைக்கும் இணைப்புக்கும் இடையே டி.என்.எஸ். விடை மாறினால், மேகக் கணிமை வழங்கிகளின் அணுக்கச் சான்றுகளைத் தரக்கூடிய 169.254.169.254 என்ற உள்முகவரிக்கே கோரிக்கை சென்றுவிடலாம். எனவே பெயர் ஐ.பி. முகவரியாக மாறும் கணத்தில், லுக்கப் செயற்கூற்றிலேயே சோதிப்பர். எளிதில் தவறவிடப்படுவது ஒன்றுண்டு: பயனர் நேரடியாக ஐ.பி. எண்ணையே தந்தால் லுக்கப் அழைக்கப்படுவதில்லை. அதனைத் தனியே சோதித்தல் வேண்டும்.