பொன் விளைந்த ஊரும் பூட்டிய ஆலையும்

தங்காக் நகருக்கு அணித்தே 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கும் லேடாங் மலையை ஐரோப்பியர் தம் நிலப்படங்களில் 'ஓஃபிர் மலை' எனக் குறித்தனர். ஓஃபிர் என்பது சாலமன் மன்னனுக்குப் பொன் வந்த நாடு என விவிலியம் கூறும் நாடு. மலைக்குப் பொன்னின் பெயர் வாய்த்தது. ஆயினும் அம்மலை சூழ்ந்த நிலத்தில் வந்து குடியேறிய தமிழருக்குப் பிழைப்புத் தந்தது பொன்னன்று. ரப்பர் மரத்தின் பாலே.

அதே காலத்தில், வட ஆர்க்காடு, சேலம் முதலிய அதே மாவட்டங்களிலிருந்து, அதே வறுமை உந்த, மற்றொரு கூட்டம் கடல் கடவாமல் மைசூர் நாட்டுக்குள் சென்றது. அக்கூட்டம் குடியேறிய நிலத்தில் மெய்யாகவே பொன் இருந்தது. அந்நிலமே கோலார் தங்கவயல். அங்கிருந்த சுரங்கங்களும், கல்லை அரைத்துப் பொன் பிரித்த ஆலைகளும் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஒரே தொழிலை நம்பி எழுந்த ஊர், அத்தொழில் நின்றதும் என்னவாகும் என்னும் வினாவுக்குத் தமிழர் வரலாற்றில் இதனினும் தெளிவான விடை கிடைப்பது அரிது.

ஊர் எழுந்த வரலாறு

மாரிகுப்பம், ஊரிகாம் பகுதிகளில் சிற்றூர் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுத்து வந்ததை 1802ஆம் ஆண்டிலேயே ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி கண்டு எழுதினார். 1870களில் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பின்னரே தொழில் பெருகியது. 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே தங்கவயலுக்குக் கொண்டு வந்தனர். இந்தியாவின் பல பெருநகரங்கள் எண்ணெய் விளக்கில் இருந்த நாளில் இங்கே மின்னொளி ஒளிர்ந்தது.

சுரங்கத்திலிருந்து ஏற்றிய கல்லை ஆலையில் பொடியாக்கி, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பொன்னைக் கரைத்து, மீண்டும் பிரித்து உருக்கிக் கட்டிகளாக வார்த்தனர். சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. ஆழத்தில் வெப்பம் தாங்கவொண்ணாதது. அழுத்தத்தால் பாறை வெடித்துச் சிதறும், மாண்டோர் பலர். பாறைத்தூளை உள்ளிழுத்து நுரையீரல் நோயுற்றோரும் பலர். தொழில் உச்சத்தில் இருந்த நாளில் தொழிலாளர் தொகை முப்பதாயிரத்தை எட்டியது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன் என்பர்.

கம்பெனியே ஊர்

தோட்ட வாழ்வை அறிந்தோர்க்குத் தங்கவயல் வாழ்வு புதிதன்று. குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்த குடிநீர் கம்பெனி தந்தது. விளக்கும் மருத்துவமனையும் அவ்வாறே. கூலி ஒன்றே தொழிலாளிக்குச் சொந்தம். ஆதலால் வேலை போனால் கூலி மட்டுமன்று, கூரையும் நீரும் மருந்தும் உடன் போகும் நிலை தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

ஆயினும் கம்பெனி தராத சிலவற்றைத் தொழிலாளர் தாமே ஆக்கிக்கொண்டனர். 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் தென்னிந்திய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை தோன்றியது. அவர் சென்னையில் நடத்திய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர் நிறைந்திருந்தனர். அவர் மறைந்த பின், 1926 முதல் அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே வெளியிட்டார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. ஒடுக்கப்பட்ட மக்கள் பகலில் பாறை உடைத்து இரவில் ஏடு படித்த ஊர் அது.

உரிமை கேட்பதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. 1930இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1946 நவம்பர் 4ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிர் நீத்தனர்.

சரிவும் மூடலும்

ஆலை ஒரே நாளில் வீழவில்லை. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கும் மேலாகப் பொன் கிடைத்தது. இறுதிக் காலத்தில் மூன்று நான்கு கிராமே கிடைத்தது. ஆழம் மிக மிகச் செலவு மிகுந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை நடுவணரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. நாட்டுடைமைக்குப் பின்னர்ப் பல ஆண்டுகள், வெளிச்சந்தையில் பொன்விலை உயர்ந்திருந்தும், இங்கு எடுத்த பொன் பன்னாட்டு அதிகார விலைக்கே அரசுக்குச் சென்றது. ஆகவே கணக்கேட்டில் நட்டம் எழுதப்பட்டது. பொன் இன்னும் இருக்கிறது, மூடவேண்டா எனத் தொழிற்சங்கங்கள் வாதிட்டும் பயனில்லை. மூடிய நாளில் எஞ்சியிருந்தோர் மூவாயிரத்துச் சொச்சம் பேர்.

இத்தொகை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஒரு தொழிலாளியின் சம்பளம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. மளிகைக் கடையின் பற்றுக் கணக்கும், தையற்காரரின் வரவும், பால்காரரின் முறையும், திரையரங்கின் கூட்டமும் அதனைச் சார்ந்தவை. சம்பள நாள் இல்லாத ஊரில் கடைவீதி மெலிந்தது. மருத்துவமனை செயலிழந்தது. நிலுவைத் தொகைக்காக வழக்குகள் நீண்டன. பழுதுற்ற லைன் வீடுகளிலேயே பல குடும்பங்கள் தங்கின. பொன்னைக் கரைத்தபின் கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் மேலாக, பதின்மூன்று மேடுகளாய் ஊர் நடுவே நின்றது. காற்று வீசும் மாதங்களில் அத்தூள் வீட்டுக்குள் புகுந்தது. அம்மேடுகளில் எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024இல் இசைவளித்தது. ஊர் மக்களுக்கு மீண்டும் வேலை வருமா என்பதே அதன்பின் எழுந்த கேள்வி.

எஞ்சியது எது?

ஊர் அழிந்துவிடவில்லை. மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் தொடர்வண்டியில் ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பினர். அலுவலகம், தொழிற்சாலை, துணிக்கடை, பள்ளி எனப் பல இடங்களில் அவர்கள் வேலை பெற்றதற்குக் காரணம் முந்தைய தலைமுறை பிள்ளைகளைப் படிக்க வைத்ததே. கம்பெனி கொடுத்த கூரை ஒழுகியது. தொழிலாளர் தாமே தேடிய கல்வி கைவிடவில்லை.

இதனால் மூடலின் குற்றம் தீர்ந்துவிடாது. எச்சுரங்கமும் ஒருநாள் வற்றும். கல்லில் பொன் குறைந்து வருவது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. 1964இல் தோன்றிய மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையாகிய பெமல் ஒன்றைத் தவிர, சுரங்கத்தின் இடத்தை நிரப்பும் பெருந்தொழில் எதுவும் அங்கே கால்கொள்ளவில்லை. மூடியது ஒரு நாளின் முடிவு. ஆயத்தம் செய்யாமை ஐம்பது ஆண்டின் பிழை. அப்பிழைக்கு விலை கொடுத்தோர் அதனைச் செய்தோர் அல்லர்.

மலாயாத் தமிழர் இதே பாடத்தை வேறு வடிவில் கற்றனர். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன; வாங்கியோர் துண்டாடினர். பால் மரமும் புகைக்கூடமும் கைமாறியபோது தொழிலாளியின் வேலையும் லைன் வீடும் ஒருங்கே பறிபோயின. அந்நாளில் துன் சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தாமே தோட்டம் வாங்க வழிசெய்தார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. துண்டாடலை அது முற்றும் தடுக்கவில்லை. எனினும் கூலிக்காரன் உடைமையாளனாகலாம் என்பதைக் காட்டியது.

தங்கவயலில் கல்வி காத்தது. மலாயாவில் கூட்டுறவு கைகொடுத்தது. இரண்டும் தொழில் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தேடியவை. பொன்மலை எனப் பெயர் பெற்ற லேடாங்கின் அடிவாரப் பள்ளிகளில் தமிழ் கற்கும் பிள்ளைகள் பலரின் முன்னோர் பால்வாளி சுமந்தவர்கள். அப்பிள்ளைகளுக்குத் தங்கவயலின் கதையும் பாடமாகச் சொல்லத் தக்கதே.