வயசான சிங்கத்துக்கு என்ன விலை?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே தண்ணீர்பட்ட பாடாகிவிடும் விஷயம் தேய்மானம். ஒரு லாரி வாங்கினால் அது எத்தனை வருடம் ஓடும் என்று தோராயமாக ஒரு கணக்கு போட்டு, வருடா வருடம் அதன் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டே வர வேண்டும். லாரிக்குச் சரி. 36 வயது கிரிக்கெட் வீரருக்கு இந்தக் கணக்கை எப்படிப் போடுவது? அடுத்த வருடம் அவர் 550 ரன்னும் அடிக்கலாம், 60 ரன்னும் அடிக்கலாம். இரண்டுமே நம்ம சென்னை சூப்பர் கிங்ஸில் நடந்திருக்கிறது.

"வயசானவங்களை வெச்சு ஓட்டுற டீம்" என்று நம்மைக் கிண்டல் செய்யாத ஊர் இல்லை. அந்தக் கிண்டலுக்குப் பின்னால் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. பெயர் வாங்கிய மூத்த வீரருக்குப் பெரிய தொகையை, அதுவும் பல வருடத்துக்கு, கொடுப்பது புத்திசாலித்தனமா? 2008ல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து நடந்ததை வரிசையாகப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால், இதே கேள்விக்காகக் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டிப் பார்த்த ஒரு நாட்டுக்குப் போய் வந்துவிடலாம்.

பேஸ்பாலில் யானை விலை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகைக்கு உத்தரவாதம் உண்டு. வீரர் சரியாக ஆடவில்லை என்று நடுவில் அனுப்பிவிட்டாலும் மீதி வருடங்களின் சம்பளத்தை அணி கொடுத்துத்தான் ஆக வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அந்தக் கதைதான்.

2011 டிசம்பரில் ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற மாபெரும் பேட்டரை ஏஞ்சல்ஸ் அணி 10 வருடத்துக்கு, 24 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு 32 வயது ஆகப்போகிறது. பழைய புஹோல்ஸ் அங்கே திரும்ப வரவே இல்லை. ஒப்பந்தத்தின் கடைசி வருடமான 2021ல், சீசன் தொடங்கிச் சில வாரங்களிலேயே, மே மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். சம்பளம் மட்டும் நிற்கவில்லை.

கதையின் சுவையான பகுதி அதற்கு அப்புறம்தான். 2022ல் தன்னுடைய பழைய கார்டினல்ஸ் அணிக்கே ஒரே ஒரு வருடத்துக்கு, 25 லட்சம் டாலருக்குத் திரும்பினார். 42 வயதில் 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 700ஐத் தாண்டிவிட்டு ஓய்வு பெற்றார். அதே மனிதர்தான். 10 வருட ஒப்பந்தத்தில் பாரமாக இருந்தவர், ஒரு வருட ஒப்பந்தத்தில் லாபமாகிவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தே ஏன் இப்படிக் கையெழுத்து போடுகிறார்கள்? ஒரே வீரருக்கு மூன்று நான்கு அணிகள் போட்டி போடும்போது, வருடச் சம்பளத்தை ஏற்றுவதைவிட வருடங்களை ஏற்றுவது சுலபமாகத் தெரியும். முதல் நாலைந்து வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம், கடைசி வருடங்கள் எப்படியோ போகட்டும் என்று ஒரு நம்பிக்கை. பணம் கொடுக்க வேண்டிய நாள் தூரத்தில் இருந்தால் கடன் சின்னதாகத் தெரியும் அல்லவா?

நம்ம ஊர் ஒப்பந்தம்

ஐ.பி.எல். வருவதற்கு முன்பு சென்னையில் ஒரு நல்ல கிரிக்கெட் வீரருக்குக் கிடைக்கக்கூடிய நீண்ட ஒப்பந்தம் என்றால், அது வேலைதான். சென்னை லீகில் பாங்குகளும் கம்பெனிகளும் அணி வைத்திருந்தன. ஸ்டேட் பாங்க், இந்தியா சிமென்ட்ஸ், கெம்ப்ளாஸ்ட், எம்.ஆர்.எஃப். என்று பட்டியல் நீளும். பாங்க் அணியில் இடம் கிடைத்தவர் ஆடும் வரை மைதானம், ஆடி முடித்ததும் மேஜை என்று ஓய்வு பெறும் வயது வரை இருக்கலாம். தொகை சின்னது, காலம் பெரியது. வயதாகும் ரிஸ்க் முழுக்க முதலாளியுடையது.

2008ல் அதே இந்தியா சிமென்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கியபோது கணக்கு தலைகீழானது. ஏலத்தில் பேசும் தொகை ஒரு சீசனுக்கானது. சீசன் முடிந்ததும் அணி விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விடுவிக்கலாம். எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் ஆப்ஷன். உரிமை உண்டு, கடமை இல்லை. அந்த ஆப்ஷன் அணியின் கையில் இருக்கிறது. அப்படியானால் ரிஸ்க் யாருக்கு? ஆட்டக்காரருக்கு.

யுவராஜ் சிங்கின் விலையைப் பாருங்கள். 2014ல் 14 கோடி, 2015ல் 16 கோடி, 2016ல் 7 கோடி, 2018ல் 2 கோடி, 2019ல் 1 கோடி. பேஸ்பாலில் இருந்திருந்தால் 2015லேயே ஏழெட்டு வருடத்துக்கு எழுதி வாங்கியிருப்பார்!

ஆனால் அணிக்கும் ஒரு செலவு உண்டு. எவ்வளவு பெரிய பணக்காரர் அணி வைத்திருந்தாலும் ஏலத்தில் செலவழிக்க உச்சவரம்பு உண்டு. 2018ல் அது 80 கோடி, 2025க்கு 120 கோடி. ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கோடியும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத கோடி. பேஸ்பாலில் பழைய வீரர் பணத்தைச் சாப்பிடுவார். இங்கே இடத்தைச் சாப்பிடுவார்.

சென்னை கற்றுக்கொண்ட வித்தை

முதல் ஏலத்திலேயே சென்னை 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்தது. அப்போது அவருக்கு 26 வயது. அதே ஏலத்தில் 36 வயது மாத்யூ ஹேடனை 3.75 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2009 ஜனவரியில் ஹேடன் சர்வதேச கிரிக்கெட்டை விட்டுவிட்டார். முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்திருக்க, அந்த வருட ஐ.பி.எல்.லில் 572 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார்.

அதே 2009ல் சென்னை 15.5 லட்சம் டாலர் கொடுத்து 31 வயது ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபை எடுத்தது. அவர் ஆடியது 3 ஆட்டம். முழங்கால் காயம், ஊருக்குப் போய்விட்டார். ஆக, வயது மட்டுமே ரிஸ்க் இல்லை. விலைதான் ரிஸ்க். மலிவாக வாங்கிய கிழவர் சோபிக்காவிட்டால் சின்ன நஷ்டம். தங்க விலைக்கு வாங்கிய வீரர் படுத்துவிட்டால் அந்த சீசனே போச்சு.

மைக் ஹஸ்ஸி இன்னொரு நல்ல உதாரணம். 2013 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டு, அந்த சீசனில் சென்னைக்கு 733 ரன் அடித்தார். அவருக்கும் ஆரஞ்சுத் தொப்பி, அவருக்கும் வயது 37. அடுத்த வருட ஏலத்தில் மும்பை அவரை 5 கோடிக்கு எடுத்தது. 2014ல் அவர் எடுத்தது 209 ரன். மும்பை விலை கொடுத்தது 2013ன் ஹஸ்ஸிக்கு. வந்து சேர்ந்தது 2014ன் ஹஸ்ஸி.

2018: அப்பாக்களின் அணி

இரண்டு வருடத் தடைக்குப் பிறகு திரும்பி வந்த சென்னை, 2018 ஜனவரி ஏலத்தில் எடுத்தவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது. வாட்சன் (36), ஹர்பஜன் (37), இம்ரான் தாஹிர் (38)... முந்தைய சீசனில் பெங்களூருக்கு ஆடிய வாட்சன் 71 ரன்தான் எடுத்திருந்தார். பெங்களூர் அவரை 2016ல் வாங்கிய விலை 9.5 கோடி. சென்னை கொடுத்தது 4 கோடி. தாஹிருக்கு 1 கோடி, ராயுடுவுக்கு 2.2 கோடி.

காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தோடு நிறுத்தி, புனேவுக்கு மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அப்படியும் கோப்பை வந்தது. ராயுடு 602 ரன், வாட்சன் 555. இறுதி ஆட்டத்தில் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்காத வாட்சன் கடைசியில் 57 பந்தில் 117 நாட் அவுட்! அன்று ஆடிய 11 பேரில் 7 பேர் 30ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். 2019லும் ஒரே ரன்னில்தான் கோப்பை போனது. 40 வயது தாஹிர் அந்த வருடம் 26 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கினார்.

இதன் ரகசியம் வயதில் இல்லை. எல்லோரும் பிறந்த தேதியைப் பார்த்து விலையைக் குறைத்தபோது, சென்னை அந்தத் தள்ளுபடியில் வாங்கியது. தி.நகரில் ஆடித் தள்ளுபடிக்கு அலைகிற ஊருக்கு இது தெரியாதா என்ன :-)

2020: தள்ளுபடி முடிந்த பிறகு

தவறு எங்கே நடந்தது? வாங்கியதில் இல்லை, விடாததில். கேதார் ஜாதவை 2018ல் 7.8 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே காயம். 2019ல் 14 ஆட்டத்தில் 162 ரன். ஆப்ஷன் கையில் இருந்தது. இரண்டு முறையும் வைத்துக்கொண்டார்கள். 2020ல் 35 வயதில் 8 ஆட்டம், 62 ரன். ஏறக்குறைய பர்ஸில் பத்தில் ஒரு பங்கு, மூன்று வருடம்.

ஒரு சின்ன வகுத்தல் கணக்கு போட்டேன். ஏலத் தொகையை ரன்னால் வகுத்தால், 2018ல் வாட்சனின் ஒரு ரன் சுமார் 72 ஆயிரம் ரூபாய். 2020ல் ஜாதவின் ஒரு ரன் சுமார் 12 லட்சத்து 58 ஆயிரம்! ரன் மட்டுமே ஆட்டம் இல்லை என்பது தெரியும். ஆனாலும் இந்த இடைவெளியை ஃபீல்டிங் சொல்லிச் சமாளிக்க முடியாது.

அந்த வருடம் சென்னை 8 அணிகளில் 7வது. வரலாற்றிலேயே முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. இளம் வீரர்களிடம் பொறி தெரியவில்லை என்று கேப்டன் சொன்னது பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு ருதுராஜ் கெய்க்வாடுக்கு இடம் கிடைத்தது. கடைசி 3 ஆட்டத்திலும் அரை சதம். அவர் விலை 20 லட்சம். பொறி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

2021 ஜனவரியில் ஜாதவ், ஹர்பஜன், பியூஷ் சாவ்லா, முரளி விஜய் ஆகியோரை விடுவித்தார்கள். அந்த வருடமே கோப்பை. கெய்க்வாட் 635 ரன், 37 வயது டூபிளசி 633 ரன். கவனியுங்கள், மூத்தவர்கள் எல்லோரையும் துரத்தவில்லை. ஓடாத வண்டியை மட்டும் விற்றார்கள். 2023லும் அதே வித்தை பலித்தது: யாரும் சீந்தாத 34 வயது ரஹானேவை அடிப்படை விலை 50 லட்சத்துக்கு எடுத்து 326 ரன் வாங்கினார்கள். அதே ஏலத்தில் 16.25 கோடி கொடுத்த ஸ்டோக்ஸ் ஆடியது 2 ஆட்டம்.

காகிதத்தில் இல்லாத ஒப்பந்தம்

இப்போது மனசுக்குக் கஷ்டமான பகுதி. 2024 ஏலத்தில் 38 வயது அஸ்வினை 9.75 கோடிக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். நம்ம மேற்கு மாம்பலத்துப் பையன், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அது தள்ளுபடி விலை இல்லை, பாசத்தின் விலை. 2025ல் 9 ஆட்டத்தில் 7 விக்கெட். அந்த ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்றார். 4 கோடிக்கு வைத்துக்கொண்ட தோனி, மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக 9வது ஆளாக இறங்கினார். 2008க்குப் பிறகு முதல் முறையாக பெங்களூர் இங்கே ஜெயித்த நாள் அது. சீசன் முடிவில் 14க்கு 4 வெற்றி, 10 அணிகளில் 10வது இடம்.

தோனிக்கு 4 கோடி என்பது வியாபாரமாகப் பார்த்தால் மலிவு. 7ம் நம்பர் மஞ்சள் பனியனும் டிக்கெட்டும் அதைப்போல் பல மடங்கு சம்பாதித்திருக்கும். குட்வில் என்று ஒரு சொத்து உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினொன்றில் ஒரு இடம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. அந்த இடத்தில் ஆடாமல் போன பையனின் வருடங்களும் வராது. 2022 ஏலத்தில் சாய் சுதர்சன் என்ற சென்னைப் பையனைக் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராக 96 அடித்தார். 2025ல் 759 ரன், ஆரஞ்சுத் தொப்பி. சேப்பாக்கத்தைப் பார்த்து வளர்ந்த பையன் அகமதாபாத்துக்கு ஆடுகிறார்.

என் முடிவு இதுதான். ஐ.பி.எல். ஒப்பந்தம் காகிதத்தில் குட்டையானது. அணியைத் திட்டமிட்டு ஏமாற்ற அதில் ஒரு வரிகூட இல்லை. அதை 10 வருட பேஸ்பால் ஒப்பந்தமாக மாற்றுவது நாம்தான், நம்ம விசுவாசம்தான். தலைவர் இறங்க வேண்டும் என்பதற்காகச் சொந்த அணியின் விக்கெட் விழும்போது கைதட்டுகிற கூட்டம் நாம். ஆப்ஷன் கையில் இருந்தும் அதைப் பயன்படுத்த மனசு வராவிட்டால், ஆப்ஷன் இல்லாததும் இருப்பதும் ஒன்றுதான்.

2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பி சஞ்சு சாம்சனைக் கொண்டு வந்தார்கள். டிசம்பர் ஏலத்தில் பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தார்கள். இருவரும் அப்போது 20 வயதை ஒட்டியவர்கள்தான். பாடம் கற்றார்களா, பயந்து எதிர்ப்பக்கம் குதித்தார்களா என்பதற்கு ஆட்டம்தான் பதில் சொல்லும். ஹேடனும் வாட்சனும் ரஹானேவும் சொல்லிக் கொடுத்தது "இளைஞனை வாங்கு" என்பது அல்ல. "குறைந்த விலைக்கு வாங்கு, ஒரு வருடம் பார், முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பு" என்பதுதான்.

தோனி ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம். விக்கெட் விழும்போது கைதட்டுகிற அந்தக் கூட்டத்தில் நானும் இருக்கிறேன்.