எத்தனை நாளில் டிக்கட் வெட்டுவார்கள்?

பித்தப்பையில் கல், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னால் எங்கள் மலைநாட்டு வீடுகளில் உடனே எழும் கேள்வி, "எத்தனை நாள் வார்ட்டில இருக்கணும்?" என்பதுதான். நாள் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது சின்னக் கேள்வி இல்லை. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

1882 ஜூலை 15. பேர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக ஒருவரின் பித்தப்பையை வெட்டி எடுத்தார். நோயாளிக்கு வயது 43. 16 வருட வலி. அதற்காகப் போட்ட மோர்பினுக்கே அடிமையாகியிருந்தார். ஒப்பரேஷனுக்கு மறுநாள் பெரிய வலி இல்லை, சுருட்டுக்கூடப் பிடித்தார். ஆனாலும் 12ஆம் நாள்தான் எழுந்து நடந்தார். வீடு போக ஆறு வாரம் ஆனது. காயம் ஆறப் படுத்தே கிடக்க வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை.

அந்த நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் உடைந்தது. ஆனால் வலி என்ற தடை மிஞ்சியது. வலது விலா எலும்புக்குக் கீழே வெட்டிய காயம் ஒவ்வொரு மூச்சுக்கும் வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தேங்கும், நெஞ்சில் கிருமி பிடிக்கும். வலிக்கு மோர்பின், பெத்தடின் ஊசி போட்டால் மயக்கமும் வாந்தியும் வரும். அப்படிப்பட்டவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவது?

1986இல் ஜெரால்ட் மொஸ் என்ற அமெரிக்க வைத்தியர், பித்தப்பை எடுத்தவர்களை 24 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிய தன் முதல் 100 பேரின் அனுபவத்தை வெளியிட்டார். கவனியுங்கள், அது வயிற்றைத் திறந்து செய்த ஒப்பரேஷன். சிறு துளை வழியாகச் செய்யும் முறை 1985இல் ஜெர்மனியில் தொடங்கியிருந்தாலும் உலகெங்கும் பரவியது 1990களில்தான். சீக்கிரம் வீடு போகும் பெருமை முழுவதையும் கெமராவுக்குக் கொடுத்துவிட்டோம்!

1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் வலிக்கான வழியைத் தெளிவாக்கினார். ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் பல வழிகளில் வலியை மறிப்பது: காயத்தைச் சுற்றி விறைக்கும் ஊசி, நாம் பனடோல் என்று சொல்லும் பரசிட்டமோல், வீக்கத்துக்கு ஒரு மருந்து, வாந்தி வருமுன்பே அதற்கு ஒன்று. வலி முற்றிய பிறகு அல்ல, நேரம் தவறாமல். மோர்பின் வகை குறையும். ஆள் தெளிவாக எழுந்து நடப்பார். வெட்டு சிறியதாகவும் இருந்தால், பொருத்தமான நோயாளி அன்றே வீடு போகலாம்.

ஆனால் எந்த வீட்டுக்கு? 1909இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல், ஒப்பரேஷன் செய்த அன்றே வீட்டுக்கு அனுப்பிய 8,988 சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஏழைப் பிள்ளைகள்தான். ஆனால் தாதிமார் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

எங்கள் பட்டிப்பொலப் பக்கம் லயத்துக்குப் படி ஏற வேண்டும், தண்ணீர் தூக்க வேண்டும், இரவில் வாகனம் தேட வேண்டும். ஆகவே டிக்கட் வெட்டும்போது கேளுங்கள்: எந்த மருந்து, எத்தனை மணிக்கு? காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், வலி கூடினால் எங்கே வருவது? சீக்கிரம் அனுப்புவது நல்லதுதான். அனுப்பிய பிறகும் நோயாளியைப் பார்க்க ஆள் இருந்தால்தான் அது சிகிச்சை. இல்லாவிட்டால் கட்டில் காலியாவது மட்டும்தான்.