நோயாளியிடம் பேசக் கற்றல்: மருத்துவக் கல்லூரியில் உரையாடல் பயிற்சி

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தகவல் தொடர்புத் திறன் என்றாலே வேலைவாய்ப்பு நேர்காணலுக்கான ஆங்கிலப் பேச்சு என்று ஆகிவிட்டது. அந்தப் பயிற்சியின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் இத்திறனைக் கல்லூரியில் ஏன் கற்பிக்க வேண்டும் என்ற கேள்விக்கு உறுதியான விடை மருத்துவப் படிப்பில்தான் கிடைக்கிறது. அங்கே பேச்சு பிசகினால் நோய்க்கணிப்பே பிசகும்.

1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தனர். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். தொடங்கியதை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. முதலில் சொல்வதுதான் முதன்மையான தொல்லையாக இருக்கும் என்று கொள்ள முடியாது. கூச்சத்தாலோ அச்சத்தாலோ அதைக் கடைசியில் சொல்பவர்கள் உண்டு. இடைமறித்தால் அது வெளியே வராமலே போகும்.

புற நோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்விதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், கேட்கும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் 335 நோயாளிகளை இடைமறிக்காமல் பேசவிட்டனர். நோயாளிகள் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 விநாடி. நம் அரசு மருத்துவமனையின் நெருக்கடி பாசலில் இல்லை. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆயினும், விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்ற நம் அச்சம் மிகையானது என்பதற்கு அது சான்று.

இந்திய மருத்துவக் கழகம் 2018இல் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கென 27 அலகுகள் கொண்ட ஏட்காம் பாடத்தை வெளியிட்டது. 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பேச்சுத்திறன் பிறவிக்குணம், மூத்தவர்களைப் பார்த்துத் தானாக வரும் என்ற பழைய எண்ணத்துக்கு இது சரியான மறுப்பு. மூத்தவரைப் பார்த்துக் கற்பவர் அவருடைய அவசரத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

குறை எங்கே என்றால், மொழியில். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. வார்டில் பேராசிரியர் முன் நோயாளியின் வரலாற்றை எடுத்துரைப்பதும் ஆங்கிலத்தில்தான். அதில் தேறிய மாணவர், சர்க்கரை அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்ட பெரியவரிடம், அளவு இறங்கியதே மாத்திரையால்தான் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் விளக்குவாரா? விளக்கிவிட்டு, "நான் சொன்னதை நீங்க ஒருமுறை சொல்லுங்க, ஐயா" என்று கேட்பாரா? இந்த ஒரு கேள்வியைப் பழக்கமாக்குவது பல மணி நேர விரிவுரைகளைவிடப் பயன் தரும் என்பது என் கணிப்பு. தமிழில் மருத்துவம் பேச முடியுமா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. 1860களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயாளியையே முதலில் வைக்கிறது. நம் தேர்வுமுறையில் அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண் அதிகம் இல்லாத பாடத்தை நம் மாணவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பது ஆசிரியர் அனைவருக்கும் தெரியும். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய நிலையத் தேர்வு முறையில் மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று ஒவ்வொன்றிலும் ஒரு பணியைச் செய்துகாட்டுவார்; அதில் அவர் நோயாளியிடம் பேசுவதை நேரில் பார்த்தே மதிப்பெண் இட முடியும். தமிழ்நாட்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் இறுதியாண்டுத் தேர்வில் அத்தகைய நிலையம் ஒன்றையாவது தமிழிலேயே நடத்தி, அதில் தேறுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.