ராத்திரி குளிருதா?

கரிசக்காட்டுல பொறந்தவனுக்குக் குளிருன்னா என்னன்னு தெரியாது. மார்கழி மாசம் விடியக்காலம் பருத்திச் செடி மேல பனி விழும். அம்மாவோட பழைய சேலையை ரெண்டா மடிச்சுப் போர்த்திக்கிட்டா அந்தக் குளிர் போயிரும். அதுக்கு மேல குளிர்னா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல பன்னீர் சோடா. அவ்ளோதான்.

எங்க ஊர்க்காரனுக்கும் ஐரோப்பாவுக்கும் இருக்கிற பழைய சம்பந்தம்னு பார்த்தா, அது எதிர்த்திசையில வந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்துல காமநாயக்கன்பட்டி மாதா கோயில் இருக்கில்ல, அங்கேதான் இத்தாலியில 1680-ல பொறந்த பெஸ்கி பாதிரியார், நம்ம வீரமாமுனிவர், வந்த புதுசுல இருந்தார். காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழ் படிச்சார். முதல் சித்திரை வெயிலை அந்த மனுஷன் எப்படித் தாங்கினாரோ! அவருக்குக் கிணத்தடியையும் வேப்பமர நிழலையும் யாராவது காட்டியிருப்பாங்க.

இந்தப் பதிவு அவரைப் பத்தி இல்லை. இங்கேருந்து அங்கே படிக்கப் போன ஒருத்தரோட முதல் நாட்களைப் பத்தி. சீனிவாச ராமானுஜன். கணக்கு எல்லாம் வராது, பயப்படாதீங்க (எனக்கே புரியாது). இது ஒரு போர்வையைப் பத்தின கதை.

முதல்ல அவர் கிளம்பின கதை. 1912 மார்ச்சுல சென்னைத் துறைமுகத்துல மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவா சேர்ந்தார். 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அந்தப் பிரபலமான கடிதம். ஹார்டி உடனே வரச் சொன்னதும் இவர் மாட்டேன்னுட்டார். கடல் தாண்டினா ஜாதி போயிரும்னு இருந்த காலம், வைணவ பிராமணக் குடும்பம். 1914 ஆரம்பத்துல ஹார்டியோட நண்பர் நெவில் சென்னைக்குப் பாடம் நடத்த வந்தார். எப்படி இவரைச் சம்மதிக்க வைக்கப் போறோம்னு தயங்கிக்கிட்டே கேட்டா, இவர் ஏற்கனவே தயாரா இருந்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் அம்மா கனவுல வந்து உத்தரவு கொடுத்துட்டதா சொல்வாங்க. எது எப்படியோ, சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகையும், கப்பல் செலவும், துணிமணிக்குத் தனியா பணமும் கொடுத்துச்சு. அன்னிக்கு ஒரு பவுன் 15 ரூபாய். கணக்குப் போட்டா மாசம் 300 ரூபாய்க்கு மேல வருது. குமாஸ்தா சம்பளத்தைவிடப் பத்து மடங்கு. அதுல மாசம் 60 ரூபாய் கும்பகோணத்துக்குப் போற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டார். (முதல் சம்பளத்துல வீட்டுக்கு எவ்ளோ அனுப்பணும்னு கணக்குப் போட்ட எல்லாருக்கும் இந்த இடம் புரியும்.)

குடுமியை வெட்டினாங்க. கோட்டு, பூட்ஸ் வாங்கினாங்க. அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பி வச்சுட்டார். குடுமி இல்லாத தலையை அவங்க பார்க்க வேண்டாம்னுதான். 1914 மார்ச் 17-ம் தேதி 'நெவாசா' கப்பல் சென்னையில இருந்து கிளம்புச்சு. முதல் சில நாள் கடல் ஒத்துக்கலை. கொழும்பு, ஏடன், சூயஸ்னு சுத்தி ஏப்ரல் 14-ம் தேதி லண்டன். நமக்குச் சித்திரை பொறக்கிற சமயம்!

நெவிலும் அவரோட அண்ணனும் காரோட வந்து காத்திருந்தாங்க. நேரா கூட்டிட்டுப் போனது சவுத் கென்சிங்டன்ல 21, கிராம்வெல் ரோடு. எதிர்ல இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். புதுசா வர்ற இந்திய மாணவர்கள் தங்கறதுக்கும் தகவல் கேட்கறதுக்கும் 1910-ல இருந்து நடந்த இடம் அது. இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு கிளைக்கதை சொல்லணும், ஏன்னா இது எங்க ஊர் ரயில் பாதை வரைக்கும் வரும்.

அரசாங்கத்துக்கு இந்திய மாணவர்கள் மேல திடீர்னு என்ன பாசம்? 1909 ஜூலை 1-ம் தேதி லண்டன்ல கர்சன் வைலிங்கற அதிகாரியை மதன்லால் திங்ரா சுட்டுக் கொன்னார். திங்ரா லண்டன்ல இஞ்சினியரிங் படிக்க வந்த மாணவர். லண்டன்ல இருந்த 'இந்தியா ஹவுஸ்' விடுதிதான் இந்தப் பசங்களைக் கெடுக்குதுன்னு அரசாங்கம் நினைச்சுது. அதோட விலாசம் 65, கிராம்வெல் அவென்யூ. அதுவும் கிராம்வெல், இதுவும் கிராம்வெல்! அந்த இந்தியா ஹவுஸ்ல இருந்த இன்னொரு மாணவர், சட்டம் படிக்கப் போன நம்ம வரகனேரி வ.வே.சு. ஐயர். 1910-ல லண்டனை விட்டுத் தப்பிப் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுட அவர்தான் கத்துக் கொடுத்தார்னு சொல்வாங்க. 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சி ஜங்ஷன்ல ரயில் பெட்டிக்குள்ள கலெக்டர் ஆஷ் செத்தார். கோவில்பட்டியில திருநெல்வேலி வண்டி ஏறினா கடம்பூர் தாண்டி வர்ற அதே மணியாச்சிதான். சின்ன வயசுல அந்த ஸ்டேஷன்ல வண்டி நிக்கும்போதெல்லாம் தாத்தா ஜன்னல் வழியா விரலை நீட்டிக் காட்டுவார்.

அதனால 21, கிராம்வெல் ரோடு வெறும் வரவேற்பு இல்லை. வர்ற பையன் எவன்கூடச் சேர்றான்னு கவனிக்கத்தான் இந்த வீடுன்னு அங்கே இருந்த இந்திய மாணவர்கள் பலருக்குச் சந்தேகம் இருந்துச்சு. சந்தேகம் நியாயம்னுதான் எனக்குத் தோணுது. ஒருத்தன் சுடுவானான்னு பார்க்க ஆள் இருந்துச்சு. குளிர்ல தூங்கறானான்னு பார்க்க?

ராமானுஜன் அங்கே இருந்தது நாலு நாள்தான். அதுல ஒரு நல்லது நடந்துச்சு. ஏற்கனவே சில வருஷமா இங்கிலாந்துல இருந்த ஏ.எஸ். ராமலிங்கம்ங்கற தமிழ் இஞ்சினியரைச் சந்திச்சார். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஏப்ரல் 18-ம் தேதி நெவில் அவரைக் கேம்பிரிட்ஜுக்குத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டார். நெவிலும் அவர் மனைவியும் நல்லா பார்த்துக்கிட்டாங்க. ராமானுஜன் பட்ட சின்னச் சின்ன அவஸ்தைகளைப் பத்திப் பின்னால நெவில் பரிவோட பேசியிருக்கார். பழக்கமில்லாத காய்கறி. 26 வருஷமா கட்டுப்பாடு இல்லாம இருந்த பாதத்தைக் கடிச்ச பூட்ஸ். இந்தப் பூட்ஸ் விஷயம் எனக்கு உடனே புரிஞ்சுது. கரிசல்ல மழை பெஞ்சா செருப்புல ஒரு கிலோ மண்ணு ஒட்டும். செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நடக்கறதுதான் அங்கே புத்திசாலித்தனம். கேம்பிரிட்ஜ்ல அந்த வசதி இல்லை.

ஜூன் தொடக்கத்துல, ஹார்டியைப் பார்க்க வசதியா இருக்கும்னு டிரினிடி கல்லூரியோட ஹியூவெல்ஸ் கோர்ட்ல ஒரு அறைக்கு மாறினார். தனியா. கல்லூரிச் சமையலறையை நம்பாம தானே சமைச்சுக்கிட்டார். ஆகஸ்ட்ல முதல் உலகப்போர் வந்து காய்கறியும் கஷ்டம் ஆயிருச்சு. 1915 ஆரம்பத்துல சென்னை நண்பர் ஒருத்தருக்கு எழுதறார்: நாக்கை நல்லா கட்டுப்படுத்திட்டேன், வெறும் சோத்துல உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு எவ்வளவு காலம் வேணா ஓட்டிருவேன்னு. ஊருக்குக் கடிதம் எழுதற எல்லாரும் இப்படித்தானே எழுதறோம்? நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், ஒரு குறையும் இல்லை.

சரி, போர்வைக்கு வருவோம்.

கல்கத்தாவில இருந்து 1913-ல கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் படிக்க வந்தவர் பி.சி. மகாலனோபிஸ். பின்னாடி இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பிச்ச அதே மகாலனோபிஸ்தான். அப்போ அவருக்கு இருபத்தொண்ணு வயசு இருந்தா அதிகம். குளிர் ஏற ஆரம்பிச்ச ஒரு நாள் ராமானுஜன் அறைக்குப் போறார். இவர் கணப்பு அடுப்புக்குப் பக்கத்துல ஒட்டி உட்கார்ந்திருக்கார். மகாலனோபிஸ் சாதாரணமா, ராத்திரி குளிருதா, கதகதப்பா இருக்கான்னு கேட்கறார். ஓவர்கோட்டைப் போட்டு மேல சால்வையைச் சுத்திக்கிட்டுத்தான் படுக்கறேன், அப்பவும் குளிருதுங்கறார் இவர்.

போர்வை போதலையோன்னு மகாலனோபிஸ் உள்ளே போய்ப் படுக்கையைப் பார்த்தா, கம்பளிகள் தாராளமா இருக்கு! எல்லாம் மெத்தைக்கு அடியில இழுத்து இறுக்கமா சொருகி வச்சிருக்கு, மேல ஒரு விரிப்பு. அந்தக் கம்பளியை விலக்கி உள்ளே நுழைஞ்சு படுக்கணும்னு ராமானுஜனுக்குத் தெரியலை. அதெல்லாம் மெத்தையோட சேர்ந்ததுன்னு நினைச்சு, எல்லாத்துக்கும் மேல, அந்த மெல்லிசு விரிப்பை மட்டும் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கார். அத்தனை ராத்திரியும்.

மகாலனோபிஸ் கம்பளியை எப்படி விலக்கணும்னு காட்டினார். ராமானுஜன் ரொம்ப நெகிழ்ந்து போயிட்டார்னு அவரே நினைவுக்குறிப்புல சொல்லியிருக்கார். இது எஸ்.ஆர். ரங்கநாதன் ராமானுஜனைப் பத்தி எழுதின புத்தகத்துல இருக்கு. நூலக இயலோட தந்தை, சீர்காழிக்காரர் ரங்கநாதனேதான். அவரும் 1924-ல லண்டனுக்குப் படிக்கப் போனவர். இந்த மாதிரி விஷயத்தை ஒதுக்காம புத்தகத்துல சேர்த்தது அதனாலயோ என்னவோ.

இதைச் சிரிப்புக் கதையா சொல்றவங்க உண்டு. மேதைக்குப் போர்வை போர்த்தத் தெரியலை பாருங்கன்னு. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா... கொசுவத்தியைச் சுத்த விடுங்க.

இஞ்சினியரிங் முடிச்சிட்டு மேற்படிப்புக்கு ஜெர்மனி போனேன். அக்டோபர் மாசம். விடுதி அறையில ஜன்னலுக்குக் கீழே வெள்ளையா, வரிவரியா, இரும்புல ஒண்ணு சுவத்தோட பொருத்தியிருந்துச்சு. துணி காயப்போடற ஸ்டாண்டுன்னு நினைச்சேன். ஈரத் துண்டைத் தினமும் அதுமேலதான் போட்டேன். காயவே இல்லை. பதினோரு நாள் ராத்திரி ஜெர்கின், ரெண்டு சாக்ஸ், குரங்குக் குல்லா, அதுக்கு மேல அம்மா கொடுத்து விட்ட சால்வை. யார்கிட்டயும் கேட்கலை. மத்தவனெல்லாம் அரைக்கை பனியனோட நடமாடறான், நமக்குத்தான் உடம்பு தாங்கலைன்னு நினைச்சேன். ஃபோன்ல அம்மா கேட்டா, சூப்பரா இருக்கும்மா. கேட்கறதுக்கு வெட்கம்னுகூடச் சொல்ல முடியாது. எதைக் கேட்கணும்னே தெரியாதே! ஒரு பொருள் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எங்கே இருக்குன்னு கேட்கலாம்.

பன்னெண்டாவது நாள் சாத்தூர்க்கார அண்ணன் ஒருத்தர், ரெண்டு வருஷம் சீனியர், கடலைமிட்டாய் வாங்கிட்டுப் போக வந்தார். உள்ளே நுழைஞ்சதும், "என்னடே, ரூமு இப்படிச் சில்லுனு இருக்கு? ராத்திரி குளிரலையா உனக்கு?"ன்னார். சமாளிச்சேன். அவர் ஒண்ணும் பேசாம துண்டை எடுத்துக் கட்டில்ல போட்டுட்டு, அந்த இரும்போட ஓரத்துல ஒரு திருகைப் புடிச்சு ஒண்ணு ரெண்டுன்னு போட்டிருந்த எண்ணுல மூணுக்குத் திருப்பினார். உள்ளே தண்ணி ஓடற சத்தம். கொஞ்ச நேரத்துல கை வச்சா சுடுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவர் பார்க்காத மாதிரி கடலைமிட்டாயைப் பிரிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தார்.

ராமானுஜனுக்கு 250 பவுன் கிடைச்சுது, கப்பல் டிக்கெட் கிடைச்சுது, துறைமுகத்துல கார் நின்னுச்சு, உலகத்துல அவர் கணக்கு புரிஞ்ச சில பேர்ல ஒருத்தர் கூப்பிடு தூரத்துல இருந்தார். நெவில் தம்பதி தங்கமானவங்க. ஆனா கட்டில்ல எப்படிப் படுக்கணும்னு சொல்லித்தர அவங்களுக்கு எப்படித் தோணும்? பொறந்ததுல இருந்து அப்படிப் படுத்தவங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. புதுசா வந்து ஒருதடவை குளிர்ல படுத்தவனுக்குத்தான் கேட்கத் தோணும்.

மீதிக் கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமா சொல்லிடறேன். 1917-ல உடம்பு விழுந்துச்சு. ஒரு சானடோரியத்துல இருந்து இன்னொண்ணு. 1918 மே மாசம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபர்ல டிரினிடி ஃபெல்லோ. ரெண்டும் நோயாளியா இருந்தப்போ வந்தது. காசநோய்க்குக் குளிர்ந்த காத்துதான் மருந்துன்னு நம்பின காலம். அறையில நெருப்பு வைக்க மாட்டாங்க. சானடோரியத்துல இருந்து ஹார்டிக்கு எழுதின ஒரு கடிதத்துல இதைச் சொல்லிட்டு, குளியலறை மட்டும் வெதுவெதுப்பா இருக்கு, தினமும் பேப்பர் பேனாவோட அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதப் போறேன்னு சொல்றார். குறையா சொல்லலை, வேலைத் திட்டமா சொல்றார்!

1918 ஜூன்ல மாட்லாக் சானடோரியத்துக்கு அவரைப் பார்க்க ஒருத்தர் வந்தார். கிராம்வெல் ரோட்டுல முதல் வாரத்துல சந்திச்ச அதே ராமலிங்கம். ஏதோ தலையைக் காட்டிட்டுப் போகலை. மூணு நாள் கூட இருந்து என்ன சாப்பிடறார், எது இறங்க மாட்டேங்குது, மனசு எப்படி இருக்குன்னு பார்த்து, ஹார்டிக்கு நீளமா ஒரு கடிதம் எழுதினார். எண்கணிதம் பத்தி ஒரு வரி எழுதற ஆள் இல்லை அவர். சாப்பாட்டைப் பத்தித்தான் கவலை.

ராமானுஜன் 1919-ல ஊருக்குக் கப்பல் ஏறினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டுல இறந்தார். வயசு 32.

இதையெல்லாம் படிச்ச அன்னிக்கு ராத்திரி சாத்தூர் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். போர்வைக் கதையைச் சொன்னேன். "பாவம்டே"ன்னார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "உனக்காவது பதினோரு நாளு. எனக்கு முத வருஷம் நவம்பர் கடைசி வரைக்கும் அந்தத் திருகு தெரியாது. கிளீனிங்குக்கு வந்த அம்மா தொட்டுப் பார்த்துட்டு அவங்க பாஷையில என்னைத் திட்டித் திருகிவிட்டுப் போச்சு"ன்னார்.

"ஏண்ணே, என்கிட்ட அப்பவே சொல்லலை?"

"போடா, கேவலமா இருந்துச்சு."