நிரலுக்கு மொழி தரும் சான்று

தென்காசியில் பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலுக்குச் செல்வோர் அங்குள்ள கல்வெட்டுகளையும் காண்பர். நம் நாட்டுக் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை செய்தியைச் சொல்லுமுன், இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று தொடங்குவது வழக்கம். கல் பொறித்தவன் மன்னனையும் ஆண்டையும் தானாகக் கற்பித்துக் கொள்ளவில்லை. அவை அவனுக்குத் தரப்பட்டவை. கொடையைப் பற்றி வழக்கு எழுந்தால் அவையே சான்றாகும்.

கணிப்பொறிக்கென ஆக்கப்பட்ட மொழிகளிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. நிரல் எழுதுவோன் தனக்கு வேண்டும் பொருள்களுக்குத் தானே பெயரிட்டு மதிப்பும் தருகிறான். ஆனால் அந்நிரல் இயங்கும் வேளையில் அதனை அழைப்பவர் யார், அப்பொழுது மணி என்ன, செய்தி எங்கிருந்து வந்தது என்பனவற்றை எழுதும்போதே அவன் அறிதல் இயலாது. ஆகவே, இயங்கும் நேரத்தில் அவற்றை மொழியே ஆயத்தமாக வைத்து வழங்குகிறது. இவற்றை உள்ளமை பொருள்கள் என்று கூறலாம்.

இவ்வெண்ணம் தெளிவாக விளங்கும் இடம் எக்ஸ்.எம்.எல். மரபு. 1986இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்.ஜி.எம்.எல். என்னும் முறையைச் சுருக்கி, 1998 பிப்ரவரி 10 அன்று உலகளாவிய வலைக் குழுமம் எக்ஸ்.எம்.எல்.லை வெளியிட்டது. அது தனியே ஒரு நிரல்மொழி அன்று. தொடக்கமும் முடிவும் குறிக்கும் குறிச்சொற்களால் செய்தியை ஒழுங்குபடுத்தும் முறையே ஆகும். எனினும், அதே குறிச்சொற்களைக் கொண்டு கட்டளைகளையும் எழுதலாம் என்று கண்ட அறிஞர்கள், அதன்மேல் நிரல்மொழிகளை எழுப்பினர்.

அவற்றுள் ஒன்று, தொலைபேசி உரையாடலுக்கென அமைந்த வாய்ஸ் எக்ஸ்.எம்.எல். அதன் இரண்டாம் பதிப்பு 2004 மார்ச் 16இல் தரமாக ஏற்கப்பட்டது. அழைப்பவர் பேசி முடித்ததும், கணிப்பொறி கேட்டுணர்ந்த சொல் யாது, அதில் அதற்குள்ள உறுதி எவ்வளவு என்பன ஓர் உள்ளமை பொருளில் வந்து சேரும். உறுதி 0 முதல் 1 வரை அளக்கப்படும். அழைப்பின் இரு முனைகளைப் பற்றிய விவரங்கள் வேறு சில மாறிகளில் கிடைக்கும். இவ்விவரங்களை நிரல் படிக்கலாம், திருத்தலாகாது.

2015 செப்டம்பர் 1இல் ஏற்கப்பட்ட எஸ்.சி.எக்ஸ்.எம்.எல். இதனை மேலும் வற்புறுத்துகிறது. நிகழ்ந்த செய்தியும் அமர்வின் அடையாளமும் அங்கே உள்ளமை மாறிகள். அவற்றை மாற்ற முனையும் கட்டளை நிறைவேறாது. பிழை என்ற அறிவிப்பே விளையும். சான்றைத் திருத்த முயல்வோனை மொழியே தடுத்து நிறுத்துகிறது.

இவ்வெண்ணம் அம்மரபோடு நின்றுவிடவில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்த ஜோஹோ நிறுவனம், டெலூஜ் என்னும் நிரல்மொழியை ஆக்கியிருக்கிறது. அச்சொல்லுக்குப் பெருவெள்ளம் என்பது பொருள். குற்றாலத்துச் சாரலையும் அருவியையும் அறிந்தவர்க்கு அப்பெயர் புதுமையாகத் தோன்றாது. அம்மொழி எக்ஸ்.எம்.எல். அன்று, ஆயினும் உள்ளே நுழைந்தவர் பெயர், அன்றைய தேதி, அப்போதைய நேரம் ஆகியவற்றை அதுவும் உள்ளமை மாறிகளாகவே தருகிறது. அதனோடு இணைந்து பக்கங்களை அமைக்கப் பயன்படும் இசட்.எம்.எல். என்பதோ, எக்ஸ்.எம்.எல். போலவே குறிச்சொற்களால் ஆனது.

இதனால் விளையும் பயன் யாது? கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கடன் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். தேதியை எழுத்தரே நிரப்புவதாயின், இன்று கொடுத்த கடனை முன் தேதியிட்டு எழுதிவிடலாம். கணிப்பொறியின் கடிகாரத்திலிருந்து மொழியே தேதியைப் பதியுமாயின், அவ்வழி அடைபடும்.

ஆயினும், உள்ளமை பொருள் முற்றறிவுடையது என்று மயங்கலாகாது. தென்காசியில் காலை பத்து மணியாகும்போது கலிபோர்னியாவில் முந்தைய நாளின் இரவே நடக்கிறது. பயன்பாட்டில் எந்நாட்டு நேரத்தைக் குறித்து வைத்தோமோ, அந்நாட்டுத் தேதியே பதிவாகும். அவ்வாறே, ஒருவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு மற்றொருவர் நுழைந்தால், உரியவர் பெயரையே மொழி எழுதும். அது பொய் கூறவில்லை. தனக்குக் காட்டப்பட்டதைக் கூறுகிறது. பொய் நம்முடையதாகும்.

தான் எழுப்பிய கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர் எவராயினும் அவர்தம் அடி பணிவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்லில் பொறித்து வைத்தான். உறுதியான கல்லுக்கும் காவலர் வேண்டும் என்பதை அவன் உணர்ந்திருந்தான். மொழி தரும் சான்றும் அத்தகையதே. மாணவ நண்பர்களே, உங்களில் நிரல் எழுதப் போகிறவர்கள் இதனை மறவாதிருப்பீர்களாக.